எழுபது வளைவும் ஒரு படகும்

காரவள்ளி வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்து சற்றுத் தூரம் போனால் முதல் பலகை வருகிறது: 1/70. கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதலாவது வளைவு என்று பொருள். நாமக்கல், சேலம், ஈரோடு வட்டாரத்து இளைஞர்களுக்கு இந்த எண் ஒரு சவால். விடியற்காலையில் பைக்கை எடுத்து, எழுபதையும் எத்தனை நிமிடத்தில் ஏறினோம் என்று கணக்குப் பார்த்து, அருவியில் ஒரு குளியல் போட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறார்கள். மலையைப் பார்த்தாயிற்றா என்றால் பார்த்தாயிற்று.

சேலத்திலிருந்து பழைய மாருதி ஒன்றில் வந்த அந்தத் தம்பதியருக்கு அப்படி எந்த அவசரமும் இல்லை. கணவர் பொதுப்பணித் துறையில், மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மதகு, ஷட்டர், கிளை வாய்க்கால், தண்ணீர் முறை என்றே வேலைக்காலம் முழுவதும் ஓடியது. மனைவி அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பள்ளியை விட்டு வந்து எவ்வளவோ ஆகிவிட்டது. கணவருக்கு மட்டும் அவர் இன்னும் ‘டீச்சர்’தான்.

ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரத்துக்கு வந்து சேரவே அவர்கள் பாதிக் காலையைச் செலவழித்திருந்தார்கள். பேளுக்குறிச்சி, மலையிலிருந்து இறங்கும் மிளகுக்கும் மளிகைச் சாமானுக்கும் பேர்போன சந்தை ஊர். மேலே ஏறும் முன்பே அங்கே நின்று மிளகு விலை விசாரித்துக்கொண்டு வந்தார் டீச்சர். மலையில் எவ்வளவுக்கு விற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

இவர்கள் உண்மையில் போக ஆசைப்பட்டது வேறு இடத்துக்கு. மகள் வீட்டில் இருந்தபோது யூடியூபில் ‘கிரேட் கேனல் ஜர்னிஸ்’ என்ற ஆங்கிலத் தொடரை இருவரும் சேர்ந்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2014இல் தொடங்கிய தொடர் அது. டிமோதி வெஸ்ட், புரூனெல்லா ஸ்கேல்ஸ் என்ற முதிய நடிகத் தம்பதியர் குறுகலான படகு ஒன்றில் கால்வாய் கால்வாயாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். 1963இல் மணம் முடித்தவர்கள். தொடர் எடுக்கப்பட்ட காலத்தில் ஸ்கேல்ஸுக்கு நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. நேற்றுப் போன ஊரின் பெயர் அவருக்கு மறந்துபோகும். ஆனால் படகை மேலேற்றி இறக்கும் பூட்டு மதகு வந்துவிட்டால் படகிலிருந்து இறங்கி, திருகுக் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போய்விடுவார். கணவர் சுக்கானைப் பிடிப்பார். வெஸ்ட் 2024 நவம்பரிலும், ஸ்கேல்ஸ் அடுத்த ஆண்டு அக்டோபரிலும் காலமானார்கள்.

அந்தப் படகுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அகலம் ஏழடிக்குள், நீளம் சில படகுகளில் எழுபதடி வரை. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கரியும் மண்பாண்டமும் ஏற்றுவதற்காகக் கட்டிய குறுகலான பூட்டு மதகுகளுக்குள் நுழைய வேண்டும் என்பதால் வந்த அளவு அது. அந்தக் கால்வாய்களில் மணிக்கு நான்கு மைல், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்குள்தான் போக வேண்டும். கரையில் நடப்பவர் கொஞ்சம் எட்டி வைத்தால் படகை முந்திவிடலாம். மேடு வந்தால் படகு ஏறுவதற்குப் பூட்டு மதகு. முன்னும் பின்னும் கதவுள்ள ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, மேலிருந்து சிறு மதகு வழியே தண்ணீரை விட, தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயரும். மேல் மட்டத்துக்குச் சமமானதும் முன்கதவு திறக்கும். இயந்திரம் எதுவும் தேவையில்லை. சீனாவில் 984ஆம் ஆண்டிலேயே, சோங் வம்சத்து அதிகாரி சியாவ் வெய்யுவே பெருங்கால்வாயில் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்.

“நம்ம ஷட்டர்தாங்க அது. ரெண்டு ஷட்டர வெச்சு நடுவுல படக நிறுத்திட்டா முடிஞ்சுது” என்று தொடரைப் பார்த்தபோதே டீச்சர் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாராம். கால்வாய்க்காரரின் மனைவிக்கு இதுகூடத் தெரியாமலா போகும்!

இங்கிலாந்துப் பயணத்துக்கு விசா, விமானச் செலவு, முட்டிவலி என்று தடைகள் வரிசையாக நின்றன. ஏறுவதும் நிற்பதும், மறுபடி ஏறுவதுமான பயணம்தான் வேண்டும் என்றால் அது பக்கத்திலேயே இருக்கிறது என்று கணவர் கொல்லிமலையைச் சொன்னார்.

பொருத்தமான தேர்வு. இங்கிலாந்தின் டிவைசஸ் நகரத்துக்குப் பக்கத்தில் கேன் ஹில் என்ற சரிவில் கென்னட்-ஏவன் கால்வாய் இருபத்தொன்பது பூட்டு மதகுகள் வழியாக ஏறுகிறது. அதில் பதினாறு ஒரே நேர்கோட்டில் வரிசையாக நிற்பவை. மொத்த ஏற்றம் 237 அடி, ஏறத்தாழ 72 மீட்டர். ஒரு பூட்டுக்கு இரண்டரை மீட்டர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் மேல்தளம் சுமாராக ஆயிரம் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதே அளவுப் பூட்டுகளைக் கொண்டு ஏற நானூறு வேண்டியிருக்கும். சாலை போட்டவர்கள் அதை எழுபது வளைவுகளில் முடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவும் வண்டியைச் சராசரியாகப் பதினான்கு மீட்டர் தூக்கிவிடுகிறது. அதாவது நாலு மாடிக்கும் மேலே.

அந்தக் கணக்கு டீச்சர் பின்னாளில் போட்டதல்ல. ஐந்தாவது வளைவு தாண்டும் முன்பே வண்டியிலிருந்த பழைய டைரியில் பென்சிலால் போட்டுப் பார்த்துவிட்டார்.

கீழ் வளைவுகளில் புதர்க்காடு. கள்ளியும் முள்ளும், வெயிலில் காய்ந்து நிற்கும் பாறைகளும். நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியின் அனல் இங்கும் கூடவே ஏறி வருகிறது. இருபதைத் தாண்டும்போது மரங்கள் நெருங்கத் தொடங்கும். மூங்கில் புதர்கள் சாலைமீது சாய்ந்து நிற்கும். நாற்பதுக்கு மேலே ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கிவிடலாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. இங்கே அதைக் கன்னத்தில் உணரலாம். அறுபதுக்கு மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றின் உடம்பில் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடியும், அடியில் காபிச் செடியும் வந்துவிடும். வளைவு எண்ணைப் பார்க்காமலே, மரத்தைப் பார்த்து எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட முடியும். வேகமாக ஏறுகிறவருக்கு இந்த அடுக்குகள் தெரிவதில்லை. பச்சையாக ஏதோ ஒன்று ஓடி மறைந்துவிடுகிறது.

கணவர் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். எதிரே இறங்கி வந்த அரசுப் பேருந்து ஒன்று, வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்று இவர்களுக்கு வழிவிட்டது. மலைச்சாலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் காத்திருக்க வேண்டும். குறுகலான கால்வாயில் இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தாலும் இப்படித்தான்: யாராவது ஒருவர் நின்று, மற்றவர் பூட்டிலிருந்து வெளியே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு நடக்கும். பேருந்து ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கேட்டார்:

“எங்க சார், கோயிலுங்களா?”

“மலையெல்லாம் பார்த்துட்டு மெதுவா வர்றோம்.”

“பார்த்துப் போங்க. மேல மழை தூறுது.”

சோளக்காட்டுக்கு முன்னால் பார்வை மேடை ஒன்றில் இறங்கி நின்றார்கள். கீழே ஏறி வந்த சாலை, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. இந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகளும் மிளகு மூட்டைகளும் மட்டுமே ஏறி இறங்கியதாக நினைத்துவிடக் கூடாது. இதே வளைவுகளில் பல ஆண்டுகள் பாக்ஸைட் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மேட்டூரிலிருந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, மால்கோ, கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்ஸைட் தோண்டியது. 2008வாக்கில் அந்தத் தோண்டல் நின்றது. மேட்டூரில் வேலை பார்த்த காலத்தில் ஆலை வாசலில் செம்மண் படிந்த லாரிகள் வரிசை கட்டி நிற்பதைக் கணவர் பார்த்திருக்கிறார். மண் எங்கிருந்து வந்தது என்பதை இப்போதுதான் பார்க்கிறார். வளைவுகளில் பார்த்தால் எழுபது. லாரியில் பார்த்தால் எத்தனை ஆயிரமோ.

செம்மேடு, கொல்லிமலை வட்டத்தின் தலைமையூர். ஊருக்குள் நுழைந்ததும் குதிரை மேல் வில்லோடு வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக வீழ்த்தினான் என்ற வன்பரணரின் புறநானூற்றுப் பாடலை டீச்சர் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர். சிலையருகே நிற்கும்போது அவர் அந்த அம்பைப் பற்றிப் பேசவில்லை. ஓரியைப் போரில் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரியும் அதே ஏழு வள்ளல்களில் ஒருவன்தான் என்பதைச் சொல்லி, “ரெண்டு பேருமே வள்ளல்ங்க. அத எந்தப் பையனும் கேட்கவே மாட்டான்” என்று வருத்தப்பட்டார். ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் அரசு இங்கே வல்வில் ஓரி விழா எடுக்கிறது. மலர்க் கண்காட்சியும் நடக்கும். அந்த நாட்களில் எழுபது வளைவுகளும் வண்டிகளால் நிறைந்துவிடும்.

மேலே உள்ள ஊர்களெல்லாம் ‘நாடு’ என்ற பெயரோடு இருக்கின்றன: வளப்பூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று மொத்தம் பதினான்கு ஊராட்சிகள். இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்கக் கூடாது; தமிழ் பேசும் மலைவாசிகள். பள்ளத்தாக்குகளில் அடுக்கடுக்காக நெல் வயல். சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு. வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும் அன்னாசியும்.

சோளக்காட்டுச் சந்தையில்தான் இருவரும் அதிகநேரம் நின்றார்கள். அன்னாசியை வாங்கியதுமே சீவித் தருகிறார்கள். பலாச்சுளை, மலைவாழைத் தார், காபிக்கொட்டை, மிளகு, கிராம்பு, தேன். இவற்றுக்கு நடுவே ஒரு பெண்மணி சாக்கை விரித்து, பழுப்பு ரோமம் படர்ந்த ஆட்டுக்கால்கள் போலக் குவித்து வைத்திருந்தது முடவாட்டுக்கால் கிழங்கு. கிழங்கு என்று சொன்னாலும் அது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் தண்டு. கத்தியால் ரோமத்தோலைச் சுரண்டி எடுத்தால் உள்ளே வெளிறிய பச்சையில் சதை. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்துக் கொதிக்க வைத்து வடிகட்டினால் சூப். கொல்லிமலையில் வளைவுக்கு ஒரு கடை என்று சொல்லுமளவுக்கு இது விற்கிறது.

“முட்டிவலிக்கு நல்லதும்மா. ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போயி அருவிப் படி இறங்குங்க. திரும்பி வந்து நீங்களே சொல்லுவீங்க.”

கணவர் குடித்தார். காரமும் சூடும் தொண்டையில் இறங்கின. ஆட்டுக்கால் சூப்பின் மணம் அப்படியே இருந்தது. இறைச்சி என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். முட்டிக்கு எவ்வளவு உதவியது என்பதை மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் யாரும் சொல்லாமலே கண்ணால் பார்க்கலாம்: நகரத்துக்கு ஏற்றுமதியாகும் அளவுக்கு இந்தப் பெரணியைப் பாறையிலிருந்து பறித்துக்கொண்டே போனால் மறுபடி முளைக்க அதற்குக் காலம் கிடைக்காது. சூப்பாகக் குடித்துவிட்டு, வீட்டுக்கு மூட்டை கட்டாமல் வருவது நல்லது.

மதியம் சாப்பிட்டது சாமைச் சோறும் தட்டைப்பயறுக் குழம்பும். சாமைச் சோற்றுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது சமீபத்தில்தான். மலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் அன்றாடச் சாப்பாடு. பிறகு சரிவுகளில் குச்சிக்கிழங்கு என்ற மரவள்ளி வந்து உட்கார்ந்துகொண்டது. சேலம், நாமக்கல், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு எவ்வளவு மரவள்ளி கொடுத்தாலும் போதாது; கையில் காசும் உடனே கிடைக்கும். காசுப் பயிர் வந்ததும் சிறுதானிய நிலம் சுருங்கியது. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து, சாமை, தினை, பனிவரகு விதைகளைச் சேமித்து, உமி நீக்கும் இயந்திரங்களை ஊர்களுக்குக் கொண்டுவந்தது. விருந்தினர் தட்டில் சாமைச் சோறு இன்று இருப்பதற்குப் பின்னால் அந்த உழைப்பும், விதையை விடாமல் வைத்திருந்த மலைப்பெண்களும் இருக்கிறார்கள். டீச்சர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

மறுநாள் வாசலூர்பட்டி. செம்மேட்டுக்கு அருகே சிறிய ஏரி. சுற்றுலாவுக்காகப் படகு இல்லம். இங்கிலாந்தின் குறுகலான படகைக் கனவு கண்டவர்களுக்குக் கிடைத்தது மிதித்து ஓட்டும் படகு. வந்திருந்த குடும்பங்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு இறங்கிப்போயின. இவர்களோ கொடுக்கப்பட்ட நேரம் முடியும்வரை கரையோரமாகவே மிதித்தார்கள். தண்ணீரின் நிறம் கரையருகே பழுப்பு, நடுவே கரும்பச்சை. படகு நகரும்போது எழும் சிற்றலை கரைப்புல்லைத் தொட்டுத் திரும்புவதைக் கணவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாயில் வேலை பார்த்தவருக்குக் கரையைப் பார்க்காமல் இருக்க முடியாது. எந்த இடத்தில் கரை அரிக்கிறது, எங்கே பிடிமானம் இருக்கிறது என்று அவர் கண் தானாகத் தேடும்.

“நம்ம நாட்டுல இப்படிப் படகுல ஊர் ஊராப் போகலியா?” என்று கேட்டார் டீச்சர்.

போனார்கள், அதுவும் பூட்டு மதகு வழியாகவே. பசில் காக்ரேன் என்ற வணிகர் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கிய கால்வாய், வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள்ளே வெட்டி இணைக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். ஆறுகளும் கழிமுகங்களும் குறுக்கிடும் இடங்களில் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தப் பூட்டு மதகுகள் வைத்தார்கள். விறகும் உப்பும் அரிசியும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் இந்தக் கால்வாயில்தான் சென்னைக்கு வந்தன. 1934இல் பாரதிதாசனும் நண்பர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனார்கள். அந்தப் பயணத்தை அவர் ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடியிருக்கிறார். தமிழில் கால்வாய்ப் படகுப் பயணத்துக்கு இவ்வளவு அழகான சாட்சி வேறு இல்லை.

அந்தக் கால்வாய் என்ன ஆயிற்று என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1960களின் புயல்களில் கரைகள் சேதமாயின. சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டது. கழிவுநீர் வந்து சேர்ந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் உள்ளேயே நடப்பட்டன. 2008இல் தேசிய நீர்வழி 4 என்ற அறிவிப்பில் பக்கிங்ஹாம் கால்வாயும் இடம்பெற்றது. படகு இன்னும் வரவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1939 ஜூலையில் டாம் ரோல்ட் என்ற பொறியாளரும் அவர் புதுமனைவி ஏஞ்சலாவும் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகில் பான்பரியிலிருந்து புறப்பட்டு நலிந்துகொண்டிருந்த கால்வாய்களில் நிதானமாகச் சுற்றினார்கள். ரோல்ட் எழுதிய ‘நேரோ போட்’ புத்தகம் 1944இல் வெளியானது. அதைப் படித்தவர்கள் கடிதம் எழுதினார்கள். கடிதம் எழுதியவர்களில் ஒருவரான ராபர்ட் ஐக்மனோடு சேர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தொடங்கப்பட்டது. மண்மூடிக் கிடந்த கால்வாய்களைத் தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கித் தோண்டினார்கள். டிமோதி வெஸ்ட் தம்பதியர் போன கால்வாய்களில் பல அப்படி மீண்டவை. மெதுவாகப் போன ஒரு தம்பதியர், வேகமாக மூடிக்கொண்டிருந்த ஒரு வழியைக் காப்பாற்றினார்கள் என்று சொல்வது மிகையில்லை. வேகமாகப் போகிறவருக்கு வழி என்பது கடக்க வேண்டிய தூரம். நின்று நின்று போகிறவருக்குக் கரையில் விரிசல் கண்ணில் படும். விரிசலைக் கண்டவர்தான் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதுவார், மனுவும் கொடுப்பார்.

கொல்லிமலையில் தண்ணீர் இறங்கும் வழியைப் பார்க்க ஆகாய கங்கைக்குப் போக வேண்டும். சாலை முடியும் இடத்தில் அறப்பளீஸ்வரர் கோயில். அப்பர், சம்பந்தர் பாடல்களில் பெயர் வரும் வைப்புத்தலம்; அம்பலவாணக் கவிராயரின் ‘அறப்பளீசுர சதகம்’ இந்த இறைவன் மேல் பாடியது. கோயிலையொட்டி ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பக்தர்கள் பொரி போடுகிறார்கள். வெட்டிக் குழம்பு வைத்த மீன் உயிர்பெற்று ஆற்றில் குதித்தது என்ற கதையால் இங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. கதையை நம்புகிறவர் நம்பட்டும்; மீன்கள் பிழைத்திருக்கின்றன.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேலே. இறங்குவது எளிது, திரும்ப ஏறும்போதுதான் படிகளின் எண்ணிக்கை முட்டிக்குத் தெரியும். இளைஞர்கள் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்கள்; இவர்கள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இளைப்பாறும் திட்டு வரும்தோறும் உட்கார்ந்தார்கள். பாதி வழியில் அருவியின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். டீச்சர் ஒரு திட்டில் உட்கார்ந்து, கூட வந்த குரங்குகளிடமிருந்து தன் பையை மறைத்து வைத்துக்கொண்டு, நீர் விழும் சத்தத்தை முதலில் கேட்டவர் யார் என்று கணவரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

ஐயாறு இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழுகிறது. கீழே பாறைகளில் தண்ணீர் பட்டுத் தெறிக்கும் சாரல், அருவியருகே போகும் முன்பே உடம்பை நனைத்துவிடும். அருகில் நின்றால் பேசுவது கேட்காது. வெயில் பாறைகளுக்கிடையே இறங்குவது மதியத்தில் சற்று நேரம்தான். காலை வேளையில் அருவி நிழலிலேயே கிடக்கும்.

மேலே பல ஓடைகளாகச் சேர்ந்து ஐயாறாகும் இந்த நீர், அருவியாக விழுந்து, கிழக்குச் சரிவில் திருச்சி மாவட்டத்தின் புளியஞ்சோலைக்கு இறங்கி, துறையூர்ப் பக்கம் போய்க் காவிரியைச் சேர்கிறது. மனிதர் மேற்குச் சரிவில் எழுபது வளைவு ஏறி வந்த உயரத்தை, தண்ணீர் கிழக்குச் சரிவில் பாறைகளில் விழுந்து விழுந்து இறங்கிவிடுகிறது. மேட்டூர்க் கால்வாயில் பார்த்த காவிரியில் இந்த ஐயாறு கலப்பதில்லை. அது அணைக்குக் கீழே வெகுதூரத்தில் சேர்கிறது. கணவருக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

மலையோடைகளைத் தடுத்து, சுரங்கம் வழியே புளியஞ்சோலைப் பக்கம் இறக்கி 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒன்றையும் மின்வாரியம் கையில் எடுத்தது. அருவி மெலிந்துவிடுமோ என்று மலைமக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குத் திட்ட அதிகாரிகள் கோடைக்கால நீர் அளவை வைத்துத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். மழைக்காலத்துப் படங்களை வைத்துச் சொல்லும் பதில் போதாது. ஆகாய கங்கையில் கோடையில் விழுவது ஏற்கெனவே மெல்லிய இழைதான்.

திரும்பிப் படி ஏற, இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. மேலே வந்ததும் இன்னொரு டம்ளர் முடவாட்டுக்கால் சூப். கடைக்காரர் கேட்கவில்லை, கணவரே போய் வாங்கினார்.

எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் மாசி பெரியசாமி கோயிலுக்கும் போனார்கள். மாசிலா அருவியில் கால் நனைத்தார்கள். அந்த இடங்களைப் பற்றி எழுதுவதற்குப் பதிலாக, போய்ப் பார்ப்பவர்களுக்கே விட்டுவிடலாம். மிளகை மட்டும் டீச்சர் மறக்கவில்லை. மலையில் தோட்டக்காரர்களிடமே வாங்கியதில் பேளுக்குறிச்சியைவிட விலை குறைந்ததோடு, எந்தக் கொடியில் காய்த்தது என்று காட்டவும் செய்தார்கள்.

இறங்கும்போது பலகைகள் தலைகீழாக வந்தன: 70, 69, 68. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும் என்பதால் இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடியிலேயே இறங்கினார் கணவர். வழியில் ஒதுங்க இடம் கிடைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி, ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட்டார். சாலையோரத்தில் கிடந்த தண்ணீர் பாட்டில்களை இறங்கிப் பொறுக்கி, டிக்கியில் இருந்த சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காரவள்ளிச் சாவடி வருவதற்குள் சாக்கு நிறைந்துவிட்டது. இந்தப் பாட்டில்களெல்லாம் ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் போட்டவை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் மலையில் இரவு தங்குகிறவர், காலையில் அதே பாட்டிலைத் தான் நடக்கும் வழியில் பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் அவர் போடுவதில்லை.

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போங்கள். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். முள்ளுக்குறிச்சி வழியில் வளைவுகள் குறைவு என்றாலும், ஒரு தடவையாவது காரவள்ளி வழியே எழுபதையும் நிதானமாக ஏறுங்கள். அடிவாரத்தில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று சாவடியிலேயே விசாரித்துவிட்டுப் படி இறங்குங்கள். சாமையும் மிளகும் மலைக்காரர்களிடமே வாங்குங்கள். கொண்டுபோன பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.